வெட்டியபின் நின்ற பத்து வரிகள்

திருத்தும்போது எழுதியவரின் கை நடுங்குவது தனக்கு மிகவும் பிடித்த பகுதியில்தான். வரி அழகாக இருந்தால், அது அங்கே வேண்டுமா என்று கேட்கவே தோன்றாது. அதற்கு இன்னொருவர் கண் வேண்டும். டி.எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதை 1922-இல் வெளிவருமுன் அதன் படிகளைக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் திருத்தினார். நான்காம் பகுதியில் நீண்டதொரு கடற்பயணம் இருந்தது: மீன்பிடிக் கப்பல், கெட்டுப்போன உணவு, வடகடல், பனிப்பாறை. அத்தனையும் போயிற்று. மூழ்கிய ஃபினீசிய மாலுமியைப் பற்றிய 10 வரிகளே மிஞ்சின. அவற்றையும் எடுத்துவிடலாமா என்று எலியட் கேட்டபோது, கூடவே கூடாது என்று தடுத்தவரும் பவுண்டே. வெட்டத் தெரிந்த கைக்குக் காக்கவும் தெரிந்திருந்தது. நீக்கிய பக்கங்கள் அழியவில்லை. 1971-இல் அவை தனி நூலாகவே வெளிவந்தன.