தரையில் ஒரு காத்திருப்பு

புறப்பட வேண்டிய நேரம் கடந்துவிட்டது. வானம் தெளிந்திருக்கிறது, வானூர்தியில் பழுதில்லை, பயணியர் அனைவரும் அமர்ந்துவிட்டனர். ஆயினும் வானூர்தி நகரவில்லை. இத்தகைய தாமதத்தின் காரணம் பல வேளைகளில் புறப்படும் ஊரில் இருப்பதில்லை. சென்று சேரும் ஊரில் இருக்கிறது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வானூர்தி நிலையம் இதற்குத் தக்க சான்று. அங்குள்ள இரண்டு இணை ஓடுபாதைகளின் நடுக்கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு 750 அடியே. தெளிந்த வானிலையில், ஒரு வானூர்தியின் விமானி மற்றொன்றைக் கண்ணால் கண்டபடியே அருகருகே இறங்கும் முறை அங்குப் பல்லாண்டுகள் வழங்கியது. அதனால் மணிக்கு ஏறத்தாழ 60 வானூர்திகள் தரையிறங்கின. கோடைக்கால விடியற்பொழுதில் பசிபிக் பெருங்கடலிலிருந்து தாழ்முகில் படர்ந்துவிட்டால், அருகில் வருவதைக் காண இயலாது. அப்போது ஒன்றன்பின் ஒன்றாகவே இறங்க வேண்டும். எண்ணிக்கை ஏறத்தாழ 30 ஆகக் குறையும். எஞ்சியவை எங்கே காத்திருப்பது?

வானில் காத்திருப்பதன் இடர்

வானில் வட்டமிட்டுக் காத்திருப்பது ஒரு வழி. ஆனால், வட்டமிடும் ஒவ்வொரு நிமிடமும் எரிபொருள் குறையும். 1990 சனவரி 25 அன்று, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா நிறுவனத்தின் வானூர்தி, நெரிசல் காரணமாக 1 மணி 17 நிமிடம் வானிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. முதல் முயற்சியில் அதனால் தரையிறங்க இயலவில்லை. மீண்டும் முயல்வதற்குள் எரிபொருள் தீர்ந்தது. அதில் பயணம் செய்த 158 பேரில் 73 பேர் உயிரிழந்தனர். எரிபொருள் இருப்பை விமானிகள் முறையாகக் கையாளாததும், அந்நெருக்கடியை உரிய சொற்களில் அறிவிக்காததும் முதற்காரணங்கள் என்று விசாரணை கூறியது. போக்குவரத்தை முறைப்படுத்துவதில் இருந்த குறையையும் அது சுட்டிக்காட்டியது.

தாமதத்தைப் பங்கிடுதல்

தவிர்க்க இயலாத தாமதத்தைத் தரையிலேயே கழிப்பதுதான் மற்றொரு வழி. அமெரிக்காவில் இப்பணியை வர்ஜீனியா மாநிலத்திலுள்ள நடுவண் மையம் மேற்கொள்கிறது. மணிக்கு 30 வானூர்திகளே இறங்க இயலுமெனில், இரண்டு நிமிடத்திற்கு ஒன்றாக நேரம் பகுக்கப்படுகிறது. முதலில் அறிவிக்கப்பட்ட கால அட்டவணையின் வரிசைப்படி அந்நேரங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஒதுக்கிய நேரத்திலிருந்து பயண நேரத்தைக் கழித்தால் புறப்படும் நேரம் கிடைக்கும். காலை 9.40க்கு இறங்க வேண்டிய வானூர்தியின் பயண நேரம் 1 மணி 20 நிமிடமெனில், அது 8.20க்குப் புறப்பட வேண்டும். ஐந்து நிமிடம் முன்பின் ஆகலாம்.

ஏற்கெனவே வானில் இருப்பவற்றுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. நெடுந்தொலைவிலிருந்து வருபவற்றுக்கும் பெரும்பாலும் விலக்கு உண்டு. முகில் எதிர்பார்த்ததற்கு முன்பே கலைந்துவிட்டால், அருகிலுள்ளவற்றை விரைவில் வரவழைக்கலாம். தொலைவில் நிறுத்தியவற்றை அவ்வாறு வரவழைக்க இயலாது.

நேர்மைக்கு இடம்தரும் விதி

முன்னாளில் ஒரு நிறுவனம் தன் பயணமொன்றை நீக்கியதாக அறிவித்தால், அதற்குரிய தரையிறங்கும் நேரத்தை இழக்க நேர்ந்தது. எனவே, நிறுவனங்கள் உண்மையை உடனே கூறத் தயங்கின. மையத்தின் கணக்கும் பிழைபட்டது. 1998 சனவரியில் சான் பிரான்சிஸ்கோ, நியூவர்க் நிலையங்களில் புதிய முறை தொடங்கப்பட்டது. அதன்படி, நீக்கிய பயணத்தின் நேரத்தை அந்நிறுவனம் தன் வேறொரு வானூர்திக்கு அளிக்கலாம். அதனால் பயன்படுத்த இயலாதபோது பிற நிறுவனங்களின் வானூர்திகள் முன்னே நகர்த்தப்படும். ஈடாக, அந்நிறுவனத்திற்குப் பிந்தைய நேரமொன்று கிடைக்கும். உண்மை கூறுவோர்க்கு இழப்பில்லை என்றானதும் தகவல்கள் உரிய வேளையில் வரத் தொடங்கின. வீணாகும் நேரம் குறைந்தது.

முகில் படர்வதை எவராலும் தடுக்க இயலாது. அதனால் விளையும் தாமதத்தை ஆபத்தில்லா இடத்தில், முறையான வரிசையில் பகிர்ந்துகொள்ள இயலும். நகராமல் நிற்கும் வானூர்தியில் அமர்ந்திருக்கும் பயணி, அப்பகிர்வில் தமக்குரிய பங்கையே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.