நாலில் ஒரு பங்கு

அக்கரப்பத்தனைத் தோட்டங்களில் இரத்தச் சோகை என்ற சொல்லைக் கேட்டு எவரும் திடுக்கிடுவதில்லை. கொழுந்துக் கூடையோடு மலையேறும் பெண்களுக்கு அது தலைவலி போலப் பழகிப்போன ஒன்று. தோட்ட வைத்தியசாலையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். பலருக்கு அதனால் குணமும் உண்டாகும். ஆயின், மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் சிலருக்கு இரத்தம் ஊறுவதில்லை. ஒழுங்காகக் குடிக்கவில்லை என்ற பழிதான் அவர்களுக்கு மிஞ்சும். அத்தகையோருள் சிலரிடம் குறைவது இரும்பாக இல்லாதிருக்கலாம்; தலசீமியா என்னும் பரம்பரைக் குறையின் ஒரு கூறு அவர்கள் இரத்தத்தில் இருத்தல் கூடும்.

இதனை வாசகர்களுக்குச் சற்று விளக்குதல் வேண்டும். இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபினின் ஒரு பகுதியை ஆக்கும் மரபணுவை நாம் தாயிடம் ஒன்றும் தந்தையிடம் ஒன்றுமாகப் பெறுகிறோம். ஒன்று பழுதாயினும் மற்றது கைகொடுக்கும். அப்படிப்பட்டவரைக் 'காவி' என்பர், அவர் நோயாளியல்லர். காவிகள் இருவர் மணந்துகொண்டாலோ, பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு. அப்பிள்ளை பிறக்கும்போது நலமாகவே இருக்கும். சில மாதங்கள் சென்றபின் வெளிறத் தொடங்கும். கடும் நோயானால் ஏறத்தாழ மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியுமாதலால் அதை வெளியேற்றவும் மருந்து வேண்டும். வைத்தியசாலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு பேர் போய்விடும் என்பதைத் தோட்டத்தார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஒக்ஸ்போட் பேராசிரியர் டேவிட் வெதரோல் முதலியோர் நம் நாட்டு மருத்துவர்களோடு செய்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் 'லான்செற்' இதழில் வெளிவந்தது. இலங்கையில் 2000-க்கு மேற்பட்டோர் இந்நோய்க்குச் சிகிச்சை வேண்டி நிற்பர் என்று அது மதிப்பிட்டது. குருநாகலில் இதற்கெனத் தேசிய நிலையமே இயங்குகிறது.

மருந்து கொடுப்பவர் ஒருவர். அதன் பொருளை எடுத்துரைப்பவர் இன்னொருவர். பின்னவரே மரபணு ஆலோசகர். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஷெல்டன் றீட் என்பார் 1947-ல் இப்பணிக்குப் பெயரிட்டார். 1969-ல் சாரா லோறன்ஸ் கல்லூரி இதற்கென முதுமாணி வகுப்பையே தொடங்கிற்று. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியற் பிரிவு 1983-ல் தோன்றியது. எனினும், நம்மிடையே பெரும்பாலும் மருத்துவரே ஆலோசகராகவும் இருக்கிறார்.

அவர் முதலிற் செய்வது மருந்தெழுதுவதன்று. பாட்டன் பாட்டி தொடங்கிக் குடும்பத்தின் கொடிவழியை வரைவது. பிறகு அந்த 'நாலில் ஒரு பங்கு'. இக்கணக்கை நாம் வகுப்பிற் கொடுத்தால், முதற் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்புவர் என்றே மாணவர் பலர் விடையெழுதுவர். படித்த பெற்றோரும் அப்படியே எண்ணுவதுண்டு. ஒவ்வொரு பேற்றிலும் அந்தப் பங்கு புதிதாக எழுகிறது என்பதைப் பொறுமையாக, அவர்கள் பேசும் தமிழிலேயே, விளங்கவைத்தல் வேண்டும். விளங்காத மொழியில் எழுதிய துண்டு எத்தனை கிடைத்தும் என்ன பயன்?

இன்னொன்று. பிள்ளை நோயுற்றால் மருமகளின் வயிற்றைப் பழிக்கும் வழக்கம் நம் லயங்களில் மட்டுமா இருக்கிறது? இந்நோய்க்குத் தந்தை தந்த பாதியும் வேண்டும். இதை ஆலோசகர் கணவனின் தாயையும் உட்காரவைத்துச் சொல்வாரானால் நன்று.

மாமன் மகளை மணப்பது நம்மிடையே உரிமை. அம்மணம் நோயை உண்டாக்குவதில்லை. பாட்டன் காவியாயிருந்தால் அவருடைய பழுதான மரபணு இரு பேரப்பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்திருக்க இடமுண்டு, அவ்வளவே. ஆலோசகர் மணத்தைத் தடுப்பவரல்லர். கணக்கைச் சொல்வார், முடிவைக் குடும்பத்திடம் விடுவார். ஆனால் காலம் முக்கியம். தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருக்கலைப்பை நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லையாகையால், கருவுற்றபின் அறிவதிலும் நிச்சயதார்த்தத்துக்கு முன் அறிவதே குடும்பத்துக்கு வழிவிடும்.

மாத்திரையை எவரும் தாமாக நிறுத்திவிடலாகாது. இரும்புக் குறைவும் தலசீமியாக் கூறும் ஒருவரிடமே சேர்ந்திருத்தலும் உண்டு. முழு இரத்த எண்ணிக்கையும், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் சோதனையும் பார்த்தே வைத்தியர் சொல்வார். ஒருவர் காவி எனத் தெரியவந்தால் அவருடைய அண்ணன், தம்பி, அக்காள், தங்கை ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதியேனும் வாய்ப்புண்டு. கொழும்புக் கடைக்குப் போன தம்பி புத்தாண்டுக்கு வீடு திரும்பும்போது, அவனையும் கூட்டிப்போகலாம்.