தழைச்சத்தும் செடிப்பேனும்

நம் ஆதம்பாக்கத்துக் கடைத்தெருவில் "ஊட்டிக் கிழங்கு" என்று தனியே கூறி விற்கப்படும் உருளைக்கிழங்கு, நீலகிரியில் விளைந்து மேட்டுப்பாளையம் மண்டிகளின் வழியே வருவதாகும். தழைச்சத்து உரத்தால் அப்பயிர் செழிக்கும் என்பதை யாவரும் அறிவர். அவ்வுரத்தாலேயே பூச்சியும் பெருகக்கூடும் என்பதை அறிந்தோர் சிலரே. அதன் காரணத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தழைச்சத்தாவது நைட்ரஜன். உடலை ஆக்கும் புரதத்திற்கு அஃது இன்றியமையாதது. பூச்சியின் உலர்ந்த உடலில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 10 பங்கு. இலையிலோ பெரும்பாலும் 1 முதல் 5 பங்குதான். ஆகவே பசுமையின் நடுவே வாழ்ந்தும் பூச்சிக்குப் புரதப் பஞ்சம் நீங்குவதில்லை. அசுவினி எனப்படும் செடிப்பேனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அது உறிஞ்சும் சாற்றில் சர்க்கரை மிகுதி. புரதத்திற்கு மூலமான அமினோ அமிலம் குறைவு. எனவே அளவின்றிச் சாற்றைக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைத் தேன்போன்ற நீராக வெளிவிடுகின்றது. எறும்புகள் அதனை மொய்ப்பது அந்நீரை நாடியே.

நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன் உள்ள யூரியாவை மிகுதியாக இட்டால் அப்பஞ்சம் தீர்கின்றது. சாற்றில் அமினோ அமிலம் பெருகுகின்றது; பேன் விரைவில் முதிர்ந்து, ஆணின் துணையுமின்றிக் குஞ்சுகளை ஈன்று பல்குகின்றது. இலைகள் மென்மையுற்று அடர்கின்றன. பயிர் முதிராமல் நெடுநாள் பசுமையாய் நிற்பதால், பேனுக்கு விருந்தும் நீள்கின்றது.

சாறு குறைவது சிறு தீங்கே. இலைச்சுருள் நோய் முதலிய நச்சுயிரி நோய்களைச் செடிக்குச் செடி சுமந்து செல்வதே பேன் செய்யும் பெருந்தீங்கு. அந்நோய் விதைக்கிழங்கில் தங்கி அடுத்த போகத்தையும் கெடுக்கும். மிகுந்த தழைச்சத்தோ இலையின் தேமல் குறிகளைப் பசுமையால் மறைத்துவிடும். நோயுற்ற செடியைக் கண்டு களைய வந்தவன் அதனை நலமுள்ளதென்று விட்டுச் செல்வான். பேனைப் பெருக்குவதும் அது செய்த கேட்டை மறைப்பதும் ஒரே உரமாகின்றது.

1949இல் பாட்னாவில் தோன்றிப் பின் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார், வட இந்தியச் சமவெளிகளில் பேன் குறைந்த பருவத்தில் விதைப்பயிர் வளர்க்கும் முறையை வகுத்தனர். 100 கூட்டிலைகளில் பேன்கள் 20ஐ எட்டுமுன் தழையை அறுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் விதி. நீலகிரியிலோ ஆண்டில் மூன்று போகம் பயிராவதால் பேனுக்கு உணவு அற்றுப்போகும் காலம் அரிது. உதகையை அடுத்த முத்தோரையில் 1957இல் அந்நிலையத்தின் கிளை ஒன்று அமைந்தது.

இதனால் உரமே ஆகாது என்பது எம் கருத்தன்று. பட்டினியுற்ற செடி கிழங்கு தாராது. சத்துக் குறைந்த இலையைச் சில புழுக்கள் ஈடுசெய்ய இன்னும் மிகுதியாகத் தின்பதும் உண்டு. மண்ணைச் சோதித்து அளவறிந்து, நடும்பொழுது பாதியும் மண் அணைக்கும்பொழுது பாதியுமாகத் தழைச்சத்தை இட்டு, சாம்பல்சத்தையும் குறையாமல் சேர்ப்பதே நன்று.

வயல்கள் மறைந்து வீடுகள் நிறைந்த நம் ஆதம்பாக்கத்தார்க்கும் இது பயன்படும். மாடித் தொட்டிகளில் நாம் வளர்க்கும் கத்தரியும் தக்காளியும் உருளைக்கிழங்கின் குடும்பத்தனவே. இலை கரும்பசுமையாய்த் தழைத்தும் அதன் அடியில் பேன் மொய்த்திருப்பின், மருந்துப் புட்டியை எடுக்குமுன் உரமிட்ட அளவை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.