தரவுத்தளத்தின் வாயில்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகம் சென்றவன் திரும்பி வந்து ‘வேலை நடக்கவில்லை’ என்று மட்டும் சொன்னால் நமக்கு என்ன விளங்கும்? அலுவலகம் பூட்டிக் கிடந்ததா? காவலர் உள்ளே விடவில்லையா? உள்ளே போன பிறகு எழுத்தர் கையை விரித்துவிட்டாரா? மூன்றும் வெவ்வேறு தடைகள். விற்பனை, இருப்பு, நிலுவை ஆகியவற்றை வரைபடமாகக் காட்டும் டாஷ்போர்டு மென்பொருள் ஒருநாள் காலையில் வெறுமையாக நின்றுவிட்டால், நாம் கேட்க வேண்டியதும் இதே கேள்விகளைத்தான். இதனை நான் பாடநூலில் கற்கவில்லை. சற்றுத் தலைகுனிந்தே கற்றேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மொத்த மளிகைக் கடை ஒன்றில் மூட்டை இறக்குகிறவர். ‘என் மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான்’ என்று அவர் சொன்ன ஒரு சொல்லை நம்பி, சனி ஞாயிறுகளில் கணக்குப் பார்க்கும் வேலையை அண்ணாச்சி எனக்குத் தந்தார். கடையின் பில் விவரங்கள் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் படமாகக் காட்டுவது மெட்டாபேஸ் என்னும் மென்பொருள். இரண்டும் ஒரே கணிப்பொறியில் லினக்ஸில் ஓடுகின்றன.

ஒரு வெள்ளிக்கிழமை, பராமரிப்புக்கு வந்தவர் மெட்டாபேஸை டாக்கர் என்னும் பெட்டிக்குள் மாற்றி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை திரையில் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்ற செய்தி நின்றது. நான் செய்த முதல் காரியம் கடவுச்சொல்லை மறுபடி தட்டியது. பிறகு இன்னொரு முறை. அதன் பிறகு பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று மாற்றி மாற்றி. அண்ணாச்சி முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். அப்பா மூட்டையோடு கடந்து போகும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறார். வியர்க்காமல் என்ன செய்யும்?

அந்தச் செய்தியின் பொருள் தெரிந்திருந்தால் கடவுச்சொல்லைத் தொட்டே இருக்க மாட்டேன். ‘ரெஃப்யூஸ்டு’ என்றால், நாம் தேடிப்போன முகவரியில் இயந்திரம் இருக்கிறது, ஆனால் நாம் தட்டிய கதவெண்ணில் கேட்பார் எவரும் இல்லை என்று பொருள். கடவுச்சொல்லைக் கேட்கும் கட்டமே இன்னும் வரவில்லை! இதற்கு மாறாக ‘டைம்டு அவுட்’ என்று வந்தால் பதிலே வரவில்லை என்று பொருள். பெரும்பாலும் இடையில் தீச்சுவர் நின்று செய்தியை விழுங்கியிருக்கும், அல்லது முகவரியே தவறாக இருக்கும்.

எங்கள் கடையில் நடந்தது சுவையானது. மெட்டாபேஸில் தரவுத்தளத்தின் முகவரி ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று இருந்தது. அதற்கு ‘நான் இருக்கும் இதே இடம்’ என்று பொருள். டாக்கர் பெட்டிக்குள் புகுந்த பிறகு ‘இதே இடம்’ என்பது அந்தப் பெட்டிதான், கணிப்பொறி அன்று. பெட்டிக்குள் போஸ்ட்கிரெஸ் ஏது? தன் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு அண்டை வீட்டுக்காரரைக் கூப்பிட்ட கதை. டாக்கர் வழக்கமாக அமைக்கும் உள்வலையில் கணிப்பொறியின் முகவரி 172.17.0.1. அதைக் கொடுத்தேன். மீண்டும் ‘ரெஃப்யூஸ்டு’! போஸ்ட்கிரெஸ் இயல்பாகவே லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் காது கொடுக்கும் என்பதைத் தேடி அறிந்து, அதன் அமைப்புக் கோப்பில் எல்லா முகவரிக்கும் காது கொடுக்கும்படி நட்சத்திரக் குறி இட்டு, மீண்டும் இயக்கினேன்.

இப்போது செய்தி மாறியது. 172.17.0.2 என்னும் முகவரியிலிருந்து வருபவருக்கு ‘பி.ஜி.எச்.பி.ஏ.’ கோப்பில் பதிவு இல்லை என்றது. இது வாயிற்காவலரின் பட்டியல். எந்த முகவரியிலிருந்து, எந்தப் பயனர், எந்தத் தரவுத்தளத்துக்கு, எம்முறையில் அடையாளம் காட்டி வரலாம் என்பதை அது சொல்கிறது. மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியையே காவலர் ஏற்பார். அதில் தோற்றவனுக்கு அடுத்த வரி உதவாது.

அங்கேதான் தவறினேன். மணி பதினொன்று. அண்ணாச்சி ‘தம்பி, ஆகுமா ஆகாதா?’ என்கிறார். யாரும், எங்கிருந்தும், எந்தத் தரவுத்தளத்துக்கும் வரலாம் என்று ஒரு வரி எழுதி, அடையாளமுறை என்ற இடத்தில் ‘ட்ரஸ்ட்’ என்று போட்டேன். படங்கள் எல்லாம் வந்துவிட்டன. அண்ணாச்சி டீ வாங்கித் தந்தார். அப்பா அன்று மாலை வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

திங்களன்று ஆய்வகத்தில் இதைப் பெருமையாகச் சொன்னேன். எங்கள் விரிவுரையாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: ‘கடையில் வைஃபை உண்டா?’ உண்டு. சரக்கு கொண்டு வருபவர்களுக்காக அதன் கடவுச்சொல் சுவரிலேயே எழுதியிருக்கிறது. ‘ட்ரஸ்ட்’ என்றால் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடு என்று பொருள். தலைமைப் பயனர் பெயரைச் சொன்னாலும் விடும். பூட்டு திறக்கவில்லை என்று கதவையே பெயர்த்து வைத்துவிட்டு டீ குடித்திருக்கிறேன்.

அன்று மாலையே கடைக்கு ஓடினேன். அந்த வரியை அடித்துவிட்டு, டாக்கர் உள்வலைக்கு மட்டும், டாஷ்போர்டுக்கென்று புதிதாக உண்டாக்கிய பயனருக்கு மட்டும், ஸ்க்ராம் முறையில் கடவுச்சொல் கேட்கும் வரியாக எழுதினேன். நட்சத்திரக் குறியையும் எடுத்துவிட்டு, லோக்கல்ஹோஸ்டுக்கும் 172.17.0.1 முகவரிக்கும் மட்டும் காது கொடுக்கும்படி மாற்றி, மீண்டும் இயக்கினேன். உடனே ‘கடவுச்சொல் பொருந்தவில்லை’ என்று வந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு: அப்படி ஒரு பயனரே இல்லாவிட்டாலும் போஸ்ட்கிரெஸ் இதே சொற்களைத்தான் வெளியே சொல்லும், எந்தப் பெயர் உள்ளது என்று திருடனுக்குத் துப்புக் கொடுக்காது. உண்மைக் காரணம் அதன் பதிவேட்டில் இருக்கும். பார்த்தேன், பயனர் பெயரில் ஓர் எழுத்து விட்டிருந்தது. அதைத் திருத்தியதும் ‘அட்டவணையைப் பார்க்க அனுமதி இல்லை’ என்ற செய்தி. இம்முறை எனக்கு மகிழ்ச்சிதான், ஏனெனில் எழுத்தர் மேசை வரை வந்தாயிற்று! படிக்கும் உரிமையை மட்டும் கொடுத்தேன்.

மைஎஸ்க்யூஎல் வைத்திருப்போர் 1045 என்னும் எண்ணைக் காண்பர். அச்செய்தியின் கடைசியில் கடவுச்சொல் பயன்பட்டதா என்பதற்கு ‘எஸ்’ அல்லது ‘நோ’ இருக்கும். ‘நோ’ என்றால் கடவுச்சொல் அனுப்பப்படவே இல்லை. அங்கே பயனர் என்பது பெயரும் வரும் இடமும் சேர்ந்தது. ஒரே பெயர் இரண்டு இடங்களிலிருந்து வந்தால் இரண்டு ஆளாகவும் இருக்கலாம்.

அண்ணாச்சியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர், ‘அந்த ரெண்டு நாள்ல வேற யாராச்சும் உள்ள வந்தானா தம்பி?’ என்று மட்டும் கேட்டார். வருகையைக் குறிக்கும் வசதி போஸ்ட்கிரெஸில் இயல்பாக அணைந்தே இருக்கும். நானும் அதைப் போட்டிருக்கவில்லை. என்னிடம் பதில் இல்லை. அப்பா பக்கத்தில்தான் நின்றார்.

இப்போது அது போடப்பட்டிருக்கிறது. சனிக்கிழமை கடைக்குப் போனதும் முதலில் அந்த வருகைப் பதிவைத்தான் படிக்கிறேன்.