குழவியின் ஆடலும் அறிவும்

விளையாட்டென்பது வீண்பொழுது போக்கன்று. மொழியறியாக் குழவிக்கு அதுவே முதற் கல்வியாம். சுவிற்சர்லாந்து உளநூலறிஞர் பியாசே தம் மக்கள் மூவரையும் பிறந்த நாள்தொட்டு நுணுகி நோக்கி, செயலினூடே அறிவு வளருமாற்றை 1936ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார்.

ஆறு மாதக் குழவியின் கண்முன் ஒரு கரண்டியைத் துணியால் மூடினால், அது பெரும்பாலும் தேடாது விட்டுவிடும். எட்டு, ஒன்பது மாதங்களிலோ துணியை விலக்கி எடுக்கும். கண்ணுக்கு மறைந்த பொருளும் உளதென்னும் அறிவு செயலில் வெளிப்படுவது அப்போதாம். அவ்வறிவு அதற்கு முன்னரே அரும்புகின்றதெனப் பின்வந்த ஆய்வாளர் சிலர் காட்டினர். தாய் தன் முகத்தை முந்தானையால் மறைத்துக் காட்டும் எளிய ஆடல் இதற்குத் தக்க பயிற்சியாகும்.

பனையோலைக் கிலுகிலுப்பையை அசைக்கும் மகவு, தன் செயலே ஒலிக்குக் காரணமென உணர்கின்றது. விளிம்பு தேய்த்த சிரட்டைகளை ஒன்றனுள் ஒன்றாக இடுகையில், சிறிது பெரிது என்னும் வேறுபாடு கைக்குப் புலனாகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சப்பாணி கொட்டலையும் சிறுபறை முழக்கலையும் தனித்தனிப் பருவங்களாக வகுத்தமை, நம் முன்னோர் குழவியின் ஆடலைக் கூர்ந்து நோக்கினர் என்பதற்குச் சான்றாம்.

ஆயின், வாய்க்குள் அடங்கும் வித்தும் மணியும் மூச்சை அடைத்து உயிர்க்கு இறுதி பயக்கும். அவற்றைக் குழவியின் கைக்கெட்ட வைத்தலாகாது.

விலையுயர்ந்த பொம்மை வாங்க இயலாமையால் ஓரில்லம் வறிதாகிவிடாது. குழவி வேண்டுவது, முகம் நோக்கி மறுமொழி கூறும் ஒருவர் அருகிலிருத்தலே. அஃதின்றேல் பொன்னாற் செய்த கிலுகிலுப்பையும் வெற்றொலியே தரும்.