உங்களுக்குத் தெரியுமா? குளிரோடு மல்லுக்கட்டும் தென்னை

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பாம் பீச் நகரத்துக்குத் தென்னைகளைக் கொடுத்தது ஒரு கப்பல் விபத்து! 1878 ஜனவரியில் ‘பிராவிடென்சியா’ என்ற ஸ்பானியக் கப்பல் அங்கே தரைதட்டியது. அதிலிருந்த சுமார் 20,000 தேங்காய்களில் பலவற்றைக் கரையோரக் குடியேறிகள் எடுத்து நட்டார்கள். ஊருக்குப் பெயர் வந்ததும் அந்த மரங்களால்தான்.

இத்தனைக்கும் அந்த ஊர் வெப்பமண்டலத்துக்கு வெளியே இருக்கிறது. வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் சில இரவுகள் நடுங்க வைக்கும். ஆனால், கரையை ஒட்டி ஓடும் வளைகுடா நீரோட்டம் கதகதப்பைத் தருகிறது. சில நாட்களில் வெயிலும் திரும்பிவிடுகிறது.

உறைபனி அபூர்வமான தெற்குக் கலிஃபோர்னியக் கரையிலோ தென்னை பிழைப்பதே அரிது. அங்கே குளிர்காலம் கடுமையானதல்ல, நீளமானது, மழையும் அப்போதுதான். ஈரமும் குளிருமாகக் கிடக்கும் மண்ணில் வேர் சத்தை எடுக்காது. ஓலை மஞ்சளாகும், பிறகு குருத்து அழுகும். தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. இழுத்ததும் அது கையோடு வந்துவிட்டால் மரம் பெரும்பாலும் தேறாது. அதனால் அங்கே ஆசைப்பட்டு வளர்ப்பவர்கள் மணல் மேட்டில், தெற்குப் பார்த்த சுவரோரம் நடுகிறார்கள்: தண்ணீர் தேங்காது, சுவர் வாங்கிய பகல் வெயிலும் இரவில் மரத்துக்குக் கிடைக்கும்.