மதுக்கடையும் அளவு நாடாவும்

நம் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில், தொடக்கப்பள்ளிக்குச் செல்லும் வாய்க்கால் கரைப் பாதையில், 2017ஆம் ஆண்டுக் கோடையில் ஓர் அரசு மதுக்கடை திறக்கப்பட்டது. விடுமுறை முடிந்து பள்ளிக்கு வந்த குழந்தைகளே அச்செய்தியை முதலில் நமக்குக் கூறினர். அதுவரை நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த கடைதான் அது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டர் தூரத்திற்குள் மதுக்கடைகள் இருத்தலாகாது என உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15ஆம் நாள் தீர்ப்பளித்தது. சாலை விபத்துகளைக் குறைப்பதற்கென எழுந்த அத்தீர்ப்பு நல்ல தீர்ப்பே. சிற்றூர்ப் பகுதிகளுக்கு அத்தூரம் பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் தமிழகத்தில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட கடைகள் சாலையோரத்தை விட்டு அகன்றன. அவற்றுள் பல குடியிருப்புகளுக்குள்ளும் வயல்வெளிகளுக்குள்ளும் புகுந்தன. அவ்வாண்டு தமிழகமெங்கும் பெண்கள் வீதிக்கு வந்து போராடியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

நம் ஊர்ப் பெண்களும் மனு எழுதினர். சட்டம் தம் பக்கம் இருப்பதாக அவர்கள் நம்பினர், நாமும் நம்பினோம். 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும், ஏனைய இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் வழிபாட்டுத் தலமோ கல்விக்கூடமோ இருப்பின் அங்கே கடை அமைத்தல் கூடாது. அலுவலர் ஒருவர் நாடாவோடு வந்தார். நடந்து செல்லும் வழியே, கடை வாயிலிலிருந்து பள்ளி வாயில் வரை அளந்தார். 112 மீட்டர் இருந்தது. விதி மீறப்படவில்லை என எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர்மீது குறை கூறுவதற்கில்லை. நாடா பொய் சொல்லவில்லை. அருகில் நின்ற தாய் ஒருத்தி மட்டும் நம்மிடம், "சாமி, அந்தப் பன்னிரண்டு மீட்டரில் என் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு?" எனக் கேட்டாள். கொத்து வேலைக்குச் செல்லும் அவளுடைய கணவர், சனிக்கிழமைக் கூலியில் பாதியை அக்கடையில் வைத்துவிட்டே வீடு திரும்புபவர். முன்பெல்லாம் நெடுஞ்சாலை வரை நடக்கச் சோம்பிச் சில மாலைகளிலாவது வீட்டில் இருப்பாராம்.

இச்சோம்பலைத்தான் சட்டம் துணைக்கு அழைக்கிறது. உரிமச் சட்டம் மனிதனைத் திருத்துவதில்லை. கடையைச் சற்றே தொலைவாக்குகிறது, சற்றே தாமதமாகத் திறக்கச் செய்கிறது, 21 வயது நிரம்பாதவனைத் திருப்பி அனுப்பச் சொல்கிறது. அற்பமாகத் தோன்றும் இத்தடைகளுக்குப் பயன் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வகுத்த வழிமுறைகளில், மது எளிதில் கிடைக்காதவாறு கட்டுப்படுத்துதலே முதலிடம் பெற்றது. 2016 மே மாதத்தில் நம் மாநிலக் கடைகள் திறக்கும் நேரம் காலை பத்து மணியிலிருந்து நண்பகல் பன்னிரண்டுக்குத் தள்ளப்பட்டபோது, வேலைக்குப் புறப்படும் வேளையிலேயே வழி தவறிய சிலர் வேலைத்தலம் வரை போய்ச் சேர்ந்ததை நம் பங்கிலேயே கண்டோம்.

அவ்வாறாயின் சிக்கல் எங்கே? உரிமம் என்பது யாது எனச் சற்று எண்ணிப் பார்ப்போம். விற்பவன் ஒருவன், விற்கலாமா எனத் தீர்ப்பவன் மற்றொருவன். இவ்விருவருக்கும் இடையே நிற்கும் வேலியே உரிமம். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டக் காலத்திலேயே அவ்வேலி சரியத் தொடங்கிவிட்டது. கள்ளுக்கடை, சாராயக்கடைக் குத்தகைப் பணம் அரசின் கருவூலத்திற்கு இனித்தது. அச்சுவையைத் துறக்க முன்வந்த இராஜாஜி, 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியைக் கொணர்ந்தார். மது போனபின் வரி வந்தது; மது திரும்பியபின் வரி போகவில்லை என்பது வேறு கதை! 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, மீண்டும் வந்து, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் மொத்த விற்பனைக்கென அரசு டாஸ்மாக் நிறுவனத்தை அமைத்தது. 2003இன் இறுதியில் சில்லறை விற்பனையும் தனியாரிடமிருந்து அதன் கைக்கு வந்தது.

தனியார் கூட்டுச் சேர்ந்து ஏலத்தைக் கெடுத்ததும், போலிச் சரக்கு விற்றதும் உண்மை. அரசு கையிலெடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஆயின் அன்றே வேலி முற்றிலும் வீழ்ந்தது. உரிமம் கேட்பது அரசின் நிறுவனம், கொடுப்பதும் அரசின் அலுவலர், அளப்பதும் அவர்களே. 2003-04இல் ஏறத்தாழ 3,600 கோடி ரூபாயாக இருந்த மது வருவாய், 2022-23இல் 44,000 கோடியைத் தாண்டியது. அத்தொகையைப் பெறும் கரமே நாடாவையும் பிடிக்கும்போது, நாடா பன்னிரண்டு மீட்டர் மிகுதியாகக் காட்டும் இடத்தையே தேடிச் செல்லும் அன்றோ? அதே விதியில், வணிகப் பகுதி, தொழிற்பகுதி என வகுக்கப்பட்ட இடங்களுக்கு இத்தூரக் கணக்கே பொருந்தாது எனவும் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

முழு மதுவிலக்கே தீர்வு எனப் பலமுறை மறையுரையில் கூறியவர்கள் நாம். மதுவே தீது என்பது திருச்சபையின் போதனை அன்று; கானாவூரில் நிகழ்ந்ததை நாம் மறைக்க இயலாது. மதுவிலக்கு நிலவிய ஆண்டுகளிலும் திருப்பலி இரசத்திற்குச் சட்டம் இடமளித்தே வந்தது. நம் கவலை குடும்பத்தின் உணவுத் தட்டைப் பற்றியது. எனினும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது நம் பேச்சில் தயக்கம் வந்தது. அங்கே உரிமக் கடைகள் இல்லாமலில்லை. கடைச் சரக்கு வாங்க இயலாத கூலித் தொழிலாளர்களே மலிவான பொட்டலத்தை நாடினர். கடை இருந்தும் கள்ளச்சாராயம் ஒழியவில்லை. கடையை மூடினால் அது தானே ஒழிந்துவிடும் எனவும் எவரும் உறுதி கூற இயலாது. தண்டனைகளைக் கடுமையாக்கி அம்மாதமே சட்டம் திருத்தப்பட்டது. காவல் நிலையங்கள் அச்சட்டத்தை எவ்வளவு நாள் நினைவில் வைத்திருக்கும் என்பதே கேள்வி.

ஆகவே நாம் இப்போது கேட்பது சிறியது. கடைக்கு இடம் தேர்ந்தெடுக்கும் முன் அவ்வூர்ப் பெண்களின் கருத்தைக் கேட்க வேண்டும். தூரத்தை அளப்பவர், விற்பனையில் பங்கில்லாத ஒருவராக இருக்க வேண்டும். 2023 ஜூன் 22இல் 5,329 கடைகளுள் 500 மூடப்பட்டன. நம் வாய்க்கால் கரைக் கடை அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

புதிய மனு ஒன்று ஆயத்தமாக உள்ளது. அக்டோபர் 2ஆம் நாள் கிராமசபை கூடும்போது அதனை வைக்க எண்ணியுள்ளோம். காந்தியடிகள் பிறந்த நாளாதலால் கடைக்கு அன்று விடுமுறை, ஆண்களும் வருவார்கள். இதுவரை கையொப்பமிடாதோர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் உபதேசியாரிடம் வந்து இடலாம். 112 மீட்டர் எனக் குறிக்கப்பட்ட அலுவலரின் குறிப்பையும் மனுவோடு இணைத்துள்ளோம்.